எண்ணெய் போன நார்

“எல்லாம் முடிஞ்சிருச்சுடி. புல்லு மட்டும்தான் பாக்கி.”

“போன மாசமும் இதேதான் சொன்ன. உங்க ஊர்ல புல்லுக்கா பஞ்சம்?”

“நெசப் புல்ல ஒட்டுனா ரெண்டு நாள்ல வைக்கோலாயிரும். கிண்டல் பண்ணாத லா. ஞாயித்துக்கெழம வர்றியா இல்லியா, அத மட்டும் சொல்லு.”

“வர்றேன், வர்றேன். ஆனா வெளிச்சம் இருக்கறப்பவே கெளம்பிருவேன். அண்ணன் காடியத்தான் ஓட்டிட்டு வரணும். இருட்டுனா போன் போட்டே கொன்னுருவாரு.”

ஷாமளா போனை வைத்துவிட்டாள். துளசி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள். நாலடிக்கு நாலடி பிளைவுட் பலகை. அதன்மேல் தெர்மகோலில் செதுக்கிய இரண்டு சிறு மேடுகள், நடுவே ஒரு வாய்க்கால், ஐஸ்கிரீம் குச்சியில் ஒரு பாலம். மற்றதெல்லாம் பழுப்புப் பெயின்ட். மொட்டைத் தலை மாதிரி இருந்தது. புல் மட்டும்தான் பாக்கி என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் இந்த விளையாட்டில் புல்தான் பாதி மேசை.

கட்டைவிரல் உயரத்தில் படைவீரர்கள். ஒவ்வொருவனையும் தூரிகையால் தானே வண்ணம் தீட்ட வேண்டும். பிறகு மேசைமேல் அணிவகுத்து நிறுத்தி, அளவு நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் ஒரே அறையில் இரண்டு வருடம் இருந்தபோது இருவரும் சேர்ந்தே கற்றுக்கொண்டார்கள். ஷாமளாவுக்கு வெள்ளைச் சட்டைப் படை, துளசிக்கு நீலச் சட்டை. டிப்ளோமா முடிந்ததும் ஷாமளா டிகிரி படிக்க புஞ்சாக் ஆலாம் போனாள். துளசி சபாக்கிலிருந்து உள்ளே தள்ளி, அம்மா நாகமணி வேலை பார்த்த எஸ்டேட்டுக்கே திரும்பி வந்து, செம்பனை எண்ணெய் மில்லில் லேப் வேலையில் சேர்ந்தாள். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. நீலப்படைக்கு எதிரே இன்னும் யாரும் வந்து உட்காரவில்லை.

தனியாக ஆடிப் பார்க்காமல் இல்லை. பழைய ஹாஸ்டல் பெட்டியிலிருந்து சாயம் பூசாத சாம்பல் வீரர்களை எடுத்து எதிர்ப்பக்கம் நிறுத்துவாள். தன் முறை முடிந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்காருவாள். பகடையை நேர்மையாகத்தான் உருட்டுவாள். இருந்தாலும் எதிராளியின் மனதில் இருப்பது முழுக்கத் தெரிந்துவிடுகிறது. ஒளிந்திருந்து தாக்க ஒரு படையை மேட்டுக்குப் பின்னால் வைத்தால், அங்கே அது இருப்பது இவளுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம் என்பதுகூட மறந்துபோகும்.

ஷாமளா போன மாதம் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். “எங்க கிளப் மேசையெல்லாம் பாத்தீன்னா, அப்படியே வயல் மாதிரி இருக்கும்டி. இனிமே வெறும் பலகைல ஆட மனசே வராது.” குத்திக்காட்டிச் சொன்னதில்லை. சொன்னது அவளுக்கே மறந்திருக்கும். துளசிக்குத்தான் மறக்கவில்லை.

கோலாலம்பூர் கடையில் புல் தூள் கிடைக்கும். பாக்கெட்டில் ‘ஃப்ளாக்’ என்று போட்டிருக்கும். உள்ளங்கை அளவு பாக்கெட் முப்பத்தஞ்சு வெள்ளி. அதை வைத்து இரண்டு மேட்டில் ஒன்றைத்தான் மூட முடியும். அதனால் துளசி கைக்குக் கிடைத்ததையெல்லாம் முயன்று பார்த்தாள். டீத்தூளைக் காயவைத்து ஒட்டினாள். மழை பெய்த வாரத்தில் அது பூசணம் பூத்து வெள்ளையாகிவிட்டது. மரத்தூளுக்குச் சாயம் ஏற்றினாள். தரைக்குச் சரி, புல்லுக்குச் சரியில்லை. தூள் படுத்தே கிடந்தது, ஒரு முனையாவது நிமிரவேண்டாமா. தீபாவளிக் கோலத்துக்குச் சாயம் போட்டு மிச்சமிருந்த பச்சைத் தேங்காய்த் துருவலைக்கூடத் தூவினாள். அதைத் துடைத்தெடுக்க எறும்புக்கு ஒரு ராத்திரி போதுமாயிருந்தது.

கடைசியில் நார் ஞாபகம் வந்தது.

செம்பனைப் பழத்தை மில்லில் பிழிந்த பிறகு கொட்டை ஒரு பக்கம், நார் ஒரு பக்கம் பிரியும். நார் கொதிகலனுக்கு எரிபொருள். கொதிகலனுக்குப் பக்கத்தில் மலையாகக் குவிந்து கிடக்கும். மெல்லிசாக, முனை முனையாக, வெட்டினால் அப்படியே புல் இதழ். இத்தனை நாள் இதைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு டீத்தூள் தேடினோமே என்று துளசி தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு பை அள்ளிக்கொண்டு வந்தாள். கத்தரியில் வெட்டி, பச்சைப் பெயின்ட்டில் புரட்டி, பசை தடவித் தூவினாள். சனிக்கிழமை சாயங்காலம் மேசை பச்சைப் பசேலென்று இருந்தது. நாகமணி எட்டிப் பார்த்தாள்.

“இதுல என்னாடி மேயப் போவுது?”

“படைம்மா.”

“உன் படைக்கும் சேத்து ஒலை வைக்கணுமா?”

“ஷாமளாவுக்கு மட்டும் வச்சா போதும்.”

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஷாமளா வந்தாள். ஹாஸ்டலில் இருந்ததைவிட மெலிந்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். மேசையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். துளசிக்கு அந்த ஒரு நொடியே போதும்போல இருந்தது.

“இது என்னாடி, கடைல வாங்குனியா?”

“நம்ம மில்லு நாரு.”

“பொய் சொல்லாத லா.”

“மூக்க வச்சு மோந்து பாரு.”

ஷாமளா மோந்து பார்த்தாள். “ஆமா, எண்ண வாடை அடிக்குது,” என்று சிரித்தாள். துளசியும் சிரித்தாள். அப்போது நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. ஒன்றரை வருடம் கழித்து எதிரே ஒரு முகம். அது என்ன நினைக்கிறது என்று துளசிக்குத் தெரியவில்லை. ஷாமளா தன் குதிரைப்படையை இடதுபக்கம் கொண்டுபோனாள். ஏன் என்று தெரியவில்லை. தெரியாமல் இருந்ததே அவ்வளவு சுகமாக இருந்தது. ஷாமளா வழக்கம்போலப் பகடையை உருட்டும் முன் ஊதினாள். துளசி வழக்கம்போல அதைக் கிண்டல் செய்தாள்.

“ஊதுனா ஆறு விழுமா?”

“ஊதலன்னா ஒண்ணு விழும். அதுக்குத்தான்.”

ஹாஸ்டலில் அவர்களுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. மற்றவர்கள் விழுந்த வீரனை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். இவர்கள் அவனை விழுந்த இடத்திலேயே கிடத்திவிடுவார்கள். ஆட்டம் முடியும்வரை அப்படியே கிடப்பான். எங்கே சண்டை கடுமையாக நடந்தது என்று கடைசியில் பார்த்தாலே தெரியும். அன்றைக்கும் அப்படித்தான் கிடத்தினார்கள். பாலத்தின் பக்கம் மட்டும் ஷாமளாவின் வெள்ளைச் சட்டைக்காரர்கள் பதினாலு பேர் மல்லாந்து கிடந்தார்கள்.

இரண்டு மணிக்குக் கூரைத் தகரம் கொதித்தது. காற்றாடி சுற்றியும் பயனில்லை. நாகமணி சாப்பிடக் கூப்பிட்டாள். மீன் சம்பாலும் சோறும் தின்றுவிட்டு, ஹாஸ்டல் வார்டன் கதையெல்லாம் பேசிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். ஷாமளா பாலத்தருகே கிடந்த ஒருவனைத் தற்செயலாக எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். இன்னொருவனை எடுத்தாள். அடுத்தவனையும் எடுத்தாள்.

வெள்ளை முதுகெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய்க் கறை. அதன்மேல் பச்சைச் சாயம். வெயிலுக்கு நாரில் இருந்த எண்ணெய் கசிந்து, மேலே ஒட்டாமல் நின்ற பெயின்ட்டையும் இழுத்துக்கொண்டு இறங்கியிருந்தது. துளசி மேசையைத் தொட்டாள். புல் கொத்தாக விரலோடு வந்தது.

“பரவால்லடி,” என்றாள் ஷாமளா.

“இரு, துணி கொண்டு வர்றேன். சோப்புத் தண்ணி வச்சா போயிரும்.”

“தேய்ச்சா பெயின்டும் சேந்து வந்துரும். பரவால்ல, விடு.”

அந்தப் பதினாலு பேருக்கும் அவள் ஒரு செமஸ்டர் லீவு முழுக்க உட்கார்ந்து பொத்தான்கூட விடாமல் வண்ணம் தீட்டியிருந்தாள். துளசிக்கு அது தெரியும். அந்த லீவில் தினமும் ஒரு படம் அனுப்புவாள், இன்னைக்கு ஒரு தொப்பி, இன்னைக்கு ஒரு பெல்ட் என்று. ஷாமளா ஒவ்வொருவனையும் டிஷ்யூவில் தனித்தனியாகச் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். மூன்றாவது தடவையாக “பரவால்ல” என்று சொன்னபோது அவள் துளசியைப் பார்க்கவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்றாள். மூன்றரை மணிக்கே கிளம்பினாள். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

“அடுத்த வாட்டி நீ கிளப்புக்கு வா,” என்று காடிக் கண்ணாடியை இறக்கிச் சொன்னாள்.

கிளப் புதன்கிழமை சாயங்காலம். துளசிக்குப் புதன்கிழமை ஏழு மணிவரை ஷிப்ட். இருவருக்கும் அது தெரியும். “வர்றேன்டி,” என்றாள்.

திங்கட்கிழமை லேப்பில் ரவீந்திரன் அண்ணன் கேட்டார், “காலையில நாருல ஆயில் லாஸ் எவ்வளவும்மா?” அவர்தான் லேப்புக்குப் பொறுப்பு. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு அதையே தேடுகிற ஆள்.

“அஞ்சு புள்ளி ஒண்ணுண்ணே,” என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். பேனா பாதியில் நின்றது.

தினமும் எட்டுத் தடவை அவள் எழுதுவதே அதுதான். பிழிந்த நாரில் இன்னும் எவ்வளவு எண்ணெய் மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை. மில்லில் நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் வேறு யார் அந்த நாரை மேசையில் ஒட்டியிருந்தாலும் தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

நடந்ததைச் சொன்னாள். ரவீந்திரன் சிரித்த சிரிப்பில் கண்ணாடி நெற்றியிலிருந்து நழுவி மூக்குக்கே வந்துவிட்டது.

“அஞ்சு சதவீதம்னு காலையில எழுதிட்டு, சாயந்தரம் அதையே கொண்டு போயி ஒட்டுனியா?”

“சிரிக்காதீங்கண்ணே. என் கூட்டாளி ஒரே ஒரு ஆளு. அவளும் போயிட்டா.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “சரி, கூட்ட எடுத்துத் தட்டி வையி,” என்றார்.

கூடு என்றால் விரல் நீளத்தில் தடித்த காகிதக் குப்பி. உலர்த்திய நாரை அதற்குள் அடைத்து, கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து, சட்டென்று தீப்பிடிக்கிற ஹெக்சேன் என்ற கரைப்பானை மணிக்கணக்கில் அதன்மேல் ஓடவிடுவார்கள். அது நாரில் இருக்கிற கடைசிச் சொட்டு எண்ணெயையும் கரைத்துக் கீழே குடுவைக்குக் கொண்டுபோய்விடும். குடுவையை நிறுத்தால் கணக்கு வந்துவிடும். கூட்டில் மிஞ்சுகிற நாரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. துளசி சனிக்கிழமை வைத்து ஆறவிட்டிருந்த கூடுகளை எடுத்து, வழக்கம்போலக் குப்பைத்தொட்டியில் தட்டினாள்.

விழுந்தது வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருந்தது. மொறுமொறுவென்று, ஒன்றோடொன்று ஒட்டாமல், பஞ்சு மாதிரி. அவள் குனிந்து எடுத்தாள். விரலில் தேய்த்தாள். விரல் காய்ந்தே இருந்தது. ஒன்றரை வருடமாக இதைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

“அண்ணே, இத நான் எடுத்துக்கவா?”

“குப்பைய கேட்டு வாங்குற மொத ஆளு நீதாம்மா. எடுத்துக்க. ஆனா வாடை சுத்தமா போற வரைக்கும் வெளிய வெயில்லயே கெடக்கட்டும். அப்படியே கொண்டு போயி அடுப்புகிட்ட வச்சுறாத. அப்புறம் உங்க லயத்துக்குக் கூரை இருக்காது.”

மில்லுக்குப் பின்னால் லயத்தில் எட்டு வீடு. இப்போது மூன்றில்தான் விளக்கு எரிகிறது. மற்ற ஐந்தின் முன்னாலும் துளசி செய்தித்தாள் விரித்து நார் காயவைத்தாள், யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாள் வெயில். பிறகு அம்மாவின் பழைய பிளண்டரில் போட்டுச் சுற்றினாள். நாகமணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“அதுல நான் சட்னி அரைக்கணும்.”

“வேற பிளண்டர் இருக்குல்ல?”

“அது நல்லதுடி.”

“அதான் பழசுல போடுறேன்.”

“ஒனக்கு வாய் மட்டும் எங்கேயோ தொழிற்சாலைல செஞ்சாங்க,” என்று அவள் உள்ளே போனாள். அதோடு அந்தப் பிளண்டர் நாருக்கென்று ஆகிவிட்டது.

அரைத்ததை டீ வடிகட்டியில் சலித்தாள். பொடி ஒரு பக்கம், முனை நிமிர்ந்த இழை ஒரு பக்கம். பெயின்ட்டில் தண்ணீர் கலந்து மூன்று பச்சை செய்தாள். ஒரே பச்சையில் மூடினால் ஸ்னூக்கர் மேசை மாதிரி ஆகிவிடும் என்பதை முதல் தடவையே கண்டிருந்தாள். மோட்டர் சைக்கிளில் போகும்போது நின்று நின்று வயலைப் பார்த்தாள். நடவு முடிந்த வயலில் மஞ்சள் கலந்த பச்சை. வரப்போரம் இருண்ட பச்சை. செம்பனைக்கு அடியில் பச்சையே இல்லை, காய்ந்த மட்டையின் பழுப்புதான். மூன்றையும் கலந்து, ஒரு கைப்பிடி சாயமில்லாத நாரையும் சேர்த்துத் தூவினாள். உடனே அதில் வெயில் அடிப்பதுபோல இருந்தது.

பழைய பலகையைச் சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி பெயின்ட் அடித்திருந்தாள். ஓர் ஓரத்தில் மட்டும் புதுப்புல்லை ஒட்டினாள். சாம்பல் வீரன் ஒருவனுக்கு வெள்ளை அடித்து அதன்மேல் மல்லாத்திப் போட்டாள். மூன்று நாள், தகரம் கொதிக்கிற மத்தியானம் உட்பட, அவன் அங்கேயே கிடந்தான். எடுத்துப் பார்த்தாள். முதுகு அடித்த வெள்ளையாகவே இருந்தது.

அதற்கப்புறம் வேகமாகச் செய்ய வழியில்லை. ஒரு நாளைக்கு எட்டுக் கூடு. ஒரு கூட்டில் ஒரு சிட்டிகை நார். எட்டையும் சேர்த்தால் ஒரு சாண் அகலம் மூடும். மில் நின்றால் நாரும் இல்லை. பெருநாள் லீவில் நான்கு நாள் புல் அப்படியே நின்றது. வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, அன்றைய பங்கை ஒட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து புல் எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பாள். வாய்க்கால் வரை. பாலம் வரை. இரண்டாவது மேட்டின் பாதிவரை.

கடைசி மூலையை நெருங்கியபோது அவளே மெதுவாகச் செய்ய ஆரம்பித்தாள். எட்டுக் கூட்டு நாரில் மூன்றைத்தான் ஒட்டினாள், மிச்சத்தைப் பையில் போட்டு வைத்தாள். புல் பாக்கியிருக்கிறவரை யாரையும் கூப்பிட வேண்டாம். முடிந்துவிட்டால் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் பதில் வரும், அல்லது வராது.

முடிந்தேவிட்டது. சன்னல் பக்கமாக நின்று தரையோடு தரையாகக் கேமராவை வைத்துப் படம் எடுத்தாள். நீலப்படை பாலத்தைக் கடக்கிறது. எதிர்ப்பக்கம் யாருமில்லை. அந்தப் பக்கம் புல் மட்டும். ஷாமளாவுக்கு அனுப்பினாள். கீழே, “இது ஒட்டாது. சத்தியமா. மூணு நாள் ஒருத்தன படுக்க வச்சுப் பாத்துட்டேன்,” என்று எழுதினாள்.

ஷாமளா பார்த்துவிட்டதற்கு அடையாளம் உடனே வந்தது. பதில் நாலு மணி நேரம் கழித்து வந்தது. ஓர் இதயப் படம்.

மறுநாள் லேப்பில் போன் அதிரத் தொடங்கியது. ஷாமளா அவளைக் கிளப் குரூப்பில் சேர்த்திருந்தாள். பன்னிரண்டு பேர், எல்லாம் நம் பிள்ளைகள், பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், நடுநடுவே மலாய். படத்தை ஷாமளாதான் போட்டிருந்தாள். ‘இது என் கூட்டாளி செஞ்சது.’ துளசி அந்த வரியை மூன்று தடவை படித்தாள். கீழே செய்திகள் வந்துகொண்டே இருந்தன.

‘இது ஃபோட்டோஷாப்பா?’

‘ஒரு பை எவ்வளவு சிஸ்?’

‘எனக்கு மூணு. கூரியர் இருக்கா?’

‘எங்க இருக்கீங்க?’ என்று தனேஷ் என்று ஒருவன் கேட்டிருந்தான். சபாக் பக்கம் என்று எழுதினாள். ‘சபாக்கா? நாங்க மின்மினி பாக்க கம்போங் குவாந்தான் வரைக்கும்தான் வந்திருக்கோம். அதுக்கு மேல ரோடு இருக்கா?’ என்று எழுதிச் சிரிப்பு மூஞ்சி நாலு போட்டான். எல்லோரும் அதற்குச் சிரித்தார்கள். துளசியும் ஒரு சிரிப்பு மூஞ்சி போட்டாள்.

அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எட்டுக் கூடும் எப்படி முடிந்தன என்றே தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மேலிருந்து மறுபடி படித்தாள். நாற்பத்தேழு செய்தி. புல் எவ்வளவு, எத்தனை நாளில் வரும், மஞ்சள் கலரில் கிடைக்குமா. நீலப்படை யாருடையது, யாரோடு ஆடுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் ஷாமளா தனியாக எழுதியிருந்தாள். ‘எனக்கும் ரெண்டு பை எடுத்து வைடி. போஸ்ட்ல அனுப்பிரு.’

‘நேர்ல வந்து வாங்கிக்கோயேன். ஒரு ஆட்டம் போடலாம்,’ என்று துளசி எழுதினாள்.

‘அவ்ளோ தூரம்டி. எக்சாம் வேற. பாக்கலாம்.’

பாக்கலாம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் ரவீந்திரனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“விக்கிறதுன்னா வேணாம்மா. மில்லுல இருந்து வெளிய போற எதுக்கும் வெள்ளி வாங்கிட்டா, அப்புறம் ஆபீஸ்ல கேள்வி வரும். உனக்கும் வரும், எனக்கும் வரும். சும்மா குடுக்குறதுன்னா குப்பைதானே, அள்ளிக் குடு.”

வீட்டில் நாகமணி வெங்காயம் உரித்துக்கொண்டே, “அப்ப சும்மாவே அனுப்பிரு. ஆசையா கேக்குறாங்கல்ல பாவம்,” என்றாள்.

“அனுப்பிட்டா?”

“அனுப்பிட்டா அவங்க ஒட்டிக்குவாங்க.”

“நான்?”

நாகமணி கையை நிறுத்தி மகளைப் பார்த்தாள். உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.

துளசி பைகளை எண்ணாமல் மேசைக்கடியில் அடுக்கினாள். தபாலில் அனுப்பிவிட்டால் புஞ்சாக் ஆலாமில் கிளப் கூடுகிற கடை மாடியில் எல்லா மேசையிலும் இந்தப் புல் இருக்கும். புதன்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு பேரும் அதன்மேல் குனிந்து நிற்பார்கள். யாரோ பகடையை ஊதுவார்கள். அந்த நேரத்தில் அவள் லேப்பில் அடுத்த நாருக்கான கூட்டை அடைத்துக்கொண்டிருப்பாள். நன்றி என்று ஆளுக்கொரு செய்தி வரும். ஒரு வாரம் வரும். அதன் பிறகு குரூப்பில் வேறு பேச்சு ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. லயத்தில் எவர் வீட்டு ரேடியோவோ தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. துளசி மேசையருகே நின்றபடியே குரூப்பைத் திறந்தாள். எழுதினாள், அழித்தாள். கெஞ்சுவதுபோல இருந்தது. மறுபடி எழுதினாள், அது மிரட்டுவதுபோல இருந்தது. கடைசியில் யோசிக்காமல், ஷாமளாவிடம் ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசுவது மாதிரியே தட்டிக்கொண்டு போனாள்.

‘எல்லாருக்கும் வணக்கம், நான் துளசி. புல்லு கேட்டீங்கல்ல, அதுக்குத்தான். இது விக்கிறதுக்கு இல்ல. மில்லு லேப்ல எண்ண எடுத்த பெறகு மிஞ்சுற நாரு. குப்பைய விக்கக் கூடாதுன்னு எங்க லேப்பு அண்ணன் சொல்லிட்டாரு. போஸ்ட்லயும் அனுப்ப மாட்டேன். கோவப்படாதீங்க. வேற ஒரு வெலை வச்சிருக்கேன். ஒரு ஆட்டத்துக்கு ஒரு பை. நேர்ல வரணும், உங்க படையோட. ஜெயிச்சாலும் பை உண்டு, தோத்தாலும் உண்டு. பாதியில எந்திரிச்சுப் போனாத்தான் கெடையாது. ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. எங்கம்மா சோறு போடுவாங்க, ஒங்க படையப் பத்திக் கிண்டலும் பண்ணுவாங்க, அதுக்கு நான் பொறுப்பில்ல. சாயம் எப்படி ஏத்துறதுன்னு கூடவே காட்டுறேன், மறைக்க ஒண்ணும் இல்ல. என்கிட்ட நீலப்படை ஒண்ணு இருக்கு. அதுக்கு எதிர்ல ஆளு இல்ல. அதான் விஷயம். தூரம்தான், தெரியும். காடில நாலு பேரு சேந்து வந்தா நாலு ஆட்டம், நாலு பை. இதுல யாருக்கும் நஷ்டம் இல்லன்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன நெனைக்கிறீங்க, வர்ற ஞாயித்துக்கெழம சரி வருமா?’